ஐஸ் அறையில் வந்த மீன்

ஊட்டிக்குப் போனால் வர்க்கி, தைலம், ஹோம்மேட் சாக்லேட் என்று பை நிறைய வாங்கி வருவீர்கள். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, அவலாஞ்சிப் பக்கம் ஒரு வெளிநாட்டு மீன் குடியேறிய கதை தெரியுமோ? பெயர் ட்ரௌட்.

ஊர் ஞாபகம் வந்த வெள்ளைக்காரர்களுக்கு ரோஜாச் செடி மட்டும் போதவில்லை. ஓடையில் தூண்டில் போட ட்ரௌட்டும் வேண்டியிருந்தது. 1864-ல் அதன் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, ஐஸ் அறைக்குள் வைத்து, மூன்று மாதம் கப்பலில் கொண்டுபோய் டாஸ்மேனியாவில் பொரிக்க வைத்தார்கள். அதே 1860-களில் நீலகிரியில் ஃப்ரான்சிஸ் டே என்ற ராணுவ டாக்டர் முயன்று தோற்றார். பிறகு வந்த எச்.சி.வில்சன் ஜெயித்தார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது.

இதைப் பிடிக்கிற விதமே தனி. ட்ரௌட் நீரோட்டத்தைப் பார்த்து எதிர்த்து நிற்கும். சாப்பாட்டைத் தண்ணீரே வாயருகே கொண்டுவந்து தந்துவிடும். ஆகவே பின்பக்கமிருந்து பூனை மாதிரி போக வேண்டும். கொக்கியில் புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி. அதற்கு எடையே இல்லை என்பதால், கனமான தூண்டில் கயிற்றைச் சாட்டை போல் வீசி, பூச்சியைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள்.

90-களில் ஒருமுறை, ரிட்டயர்டு எஸ்டேட் மேனேஜர் ஒருவர் இப்படி வீசுவதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

‘‘ஒரு மண்புழுவைக் கோத்துப் போட்டா ஆச்சே சார்?’’ என்றேன்.

‘‘பசிக்குப் பிடிக்கிறவன் புழு போடுவான் தம்பி. இது அதோட புத்தியா, என் புத்தியானு பாக்கற விளையாட்டு.’’

கடைசியில் ஒன்று மாட்டியது. பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு. கையை நனைத்துக்கொண்டுதான் அதைத் தொட்டார். உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழவழப்புப் போய், நோய் தொற்றிவிடுமாம். கொக்கியைக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

இந்த அழகனுக்கு இன்னொரு முகமும் உண்டு. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் என்று ஐ.யு.சி.என். அமைப்பு வெளியிட்ட பட்டியலில் வானவில் ட்ரௌட், பழுப்பு ட்ரௌட் இரண்டுமே இருக்கின்றன. போன இடத்தில் உள்ளூர் மீனையும் தலைப்பிரட்டையையும் விட்டுவைக்காது. அதனால், இதைக் காப்பாற்றக் கொடி பிடியுங்கள் என்று சொல்லமாட்டேன்.

ஆனால், ஒரு விஷயத்தில் இது நல்ல தர்மாமீட்டர். ட்ரௌட்டுக்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். 25-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. சோலைக்காட்டு நிழலும், புல்வெளியில் ஊறிக் கசியும் நீரும்தான் ஓடையைக் குளுகுளுவென்று வைத்திருக்கின்றன. அந்தத் தண்ணீர்தான் குந்தா ஆற்றில் கலந்து, வழியில் மின்சாரம் தந்து, பவானியில் சேர்ந்து, ஈரோட்டு வயல்களுக்குப் போகிறது.

அடுத்த முறை ஒரு மலை ஓடையருகே போட்டோ எடுத்து முடித்ததும், தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். விரல் மரத்துப்போனால் சந்தோஷப்படுங்கள். வெதுவெதுவென்று இருந்தால், கவலைப்பட வேண்டியது ட்ரௌட் மட்டுமல்ல!