செம்மணற் தேரி வழியே மணப்பாட்டுக்கு

பாலைநிலத்தைக் காண இராஜஸ்தானத்திற்குத்தான் செல்ல வேண்டும் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். நம் தமிழகத்தின் தென்கோடியிலேயே அத்தகைய நிலமொன்று உண்டு. அதற்குத் தேரி என்பது பெயர். மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயத்தைத் தரிசிக்க விரும்பி, வைகாசிக் கடைசியில் அரியாங்குப்பத்திலிருந்து நான்கு குடும்பத்தார் ஒரு வேனில் புறப்பட்டோம். 500 கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தப் பயணத்தில் தேரியை நேரிற் கண்டோம்.

கடலூர், நாகப்பட்டினம் வழியாகக் கடற்கரையை ஒட்டிச் சென்று ஓரியூரை அடைந்தோம். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சியான தலம் அது. அவரது குருதியாற் சிவந்ததென மக்கள் நம்பும் மணலை நெற்றியில் இட்டுச் செபித்தோம்.

மறுநாள் தூத்துக்குடியைக் கடந்து வல்லநாடு சேர்ந்தோம். அங்குள்ள முட்புதர்க் குன்று 1987இல் வெளிமான் சரணாலயமாக்கப்பட்டது. இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுவே. முறுக்கிய கொம்புடைய கலையொன்று தொலைவில் நின்று எங்களை நோக்கியதும் சிறுவர் மூச்சடக்கி நின்றனர்.

பின்னர்த் தாமிரபரணியைக் கடந்து, சாத்தான்குளத்திலிருந்து கிழக்கே கிராமச் சாலையொன்றில் திரும்பினோம். சிறிது நேரத்தில் இருபுறமும் செந்நிற மணல்மேடுகள் எழுந்தன. இதுவே குதிரைமொழித் தேரி. மணற்துகள்களின்மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் இந்நிறம் என்பர் அறிஞர். கற்கால மனிதரின் சிறு கல்லாயுதங்களும் இங்கே கிடைத்துள்ளன. ஆற்றங்கரையில் வாழ்ந்து பழகிய எங்களுக்கு, இங்கே மனிதர் எவ்வாறு பிழைக்கின்றனர் என்ற வியப்பே மேலிட்டது.

அதற்கு விடை பனைமரம். முதிய பனையேறி ஒருவர் ஓலைப்பட்டையில் எங்களுக்குப் பதநீர் வார்த்தார். காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுவதையும், வீட்டுப் பெண்கள் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவதையும் விளக்கினார். "மேல்காற்றடித்தால் மணல் நகரும், ஐயா. மரத்தின் வேர்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. என் பிள்ளைகள் மரமேற வரவில்லை. ஏற ஆளில்லாத மரத்தை யார் விட்டு வைப்பார்கள்?" என்றார். அவருக்கு என்ன மறுமொழி கூறுவதென எங்களுக்குத் தெரியவில்லை.

தேரியின் ஓரத்து ஊர்களிலோ வாழைத் தோட்டங்கள் பசுமையாக நிற்கின்றன. மேட்டில் பெய்யும் மழையை மணல் உள்வாங்கித் தாழ்விடங்களிற் சுனையாக வெளியிடுகின்றது.

மாலையில் மணப்பாடு. கடலோர மணற்குன்றின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். அதன் அருகே, 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. செல்வமும் வசதியும் அற்ற இந்தக் கரையில், மீனவர் குடிசைதோறும் நடந்து சென்று செபங்களைத் தமிழில் கற்பித்தார் அவர். அண்மையிலுள்ள குலசேகரப்பட்டினத்தில் விண்கல ஏவுதளத்திற்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்பகுதி வேகமாக மாறப்போகின்றது.

மழைநீரை மணல் காக்கின்றது; மணலைப் பனை காக்கின்றது; பனையைக் காக்க வேண்டியவர் மனிதர். வறண்டதெனத் தோன்றும் நிலத்தையும் இறைவன் வெறுமையாகப் படைக்கவில்லை. விடுமுறையில் பிள்ளைகளை இவ்வழியே அழைத்துச் செல்லுங்கள். திரும்பும்போது கருப்பட்டியைப் பனையேறியின் கையிலிருந்தே வாங்கி வாருங்கள். அந்த மரங்கள் நிற்க நம்மாலாகும் சிறு உதவி அது.