இரும்புலைத் தலைவனின் இல்லம்

பம்பலப்பிட்டியில் கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு உள்ளது. சோளகம் வீசத் தொடங்கினால் அங்கு இரும்புக்கு ஆயுளில்லை. யன்னற் கம்பி, படலைக் கீல், தையற் பொறியின் மிதிபலகை யாவற்றையும் உப்புக் காற்று அரித்துவிடும். இப்போது வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்ப விலைபேசுவோர் வருகின்றனர். விற்பதானால் எதனைக் காத்து வைப்பது என்ற கேள்வி குடும்பத்தினுள் எழுந்துள்ளது. அக்கேள்வியோடுதான் பழைய வீடுகளை நான் பார்க்கிறேன்.

பயணமொன்றிடையே பொஸ்ரன் நகருக்கு வடக்கே சோகஸ் என்னும் ஊரில், ‘இரும்புலைத் தலைவன் வீடு’ என்று நெடுங்காலம் வழங்கிய மரவீட்டைக் கண்டேன். செங்குத்தான கூரை, நடுவே பெரும் புகைபோக்கி, கீழ்த்தளத்தைத் தாண்டி முன்தள்ளிய மேற்றளம், சாய்சதுரக் கண்ணாடி பதித்த சிறு யன்னல்கள். இத்தோற்றத்திற் பெரும்பகுதி 1915இல் வொலஸ் நட்டிங் என்பவர் தமக்கு உவப்பான பழைமையைக் கற்பித்துப் புதுப்பித்தது. அங்கு 1646இல் தொடங்கிய இரும்புத் தொழில் 1670ஐ ஒட்டி ஓய்ந்தது; வீடோ 1680களில் எழுந்தது. எனவே உலையை ஆண்ட தலைவன் அதில் வாழ்ந்திருக்க இயலாது. உலைக்களத்தில் உழைத்தோருள் 1650இல் டன்பார்ப் போரிற் சிறைப்பட்ட ஸ்கொத்லாந்து வீரரும் இருந்தனர். பெயர் வாய்த்தது, வாழாத தலைவனுக்கே!

நம் நாட்டு நிலைமை இதற்கு மறுதலை. பலாங்கொடைக்கு அப்பால், சமனலவெவ நீர்மின் அணை எழுமுன் கிலியன் ஜூலெவ் நடத்திய ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் எழுபதுக்கு மேற்பட்ட உலைத்தலங்கள் வெளிப்பட்டன. அவை கி. பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. கட்டடக் கலை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை: நேரான முன்சுவர், வளைந்த பின்சுவர், முன்சுவரின் அடியில் வரிசையாகக் களிமண் குழாய்கள். துருத்தி கிடையாது. சோளகம் முன்சுவரின் விளிம்பைத் தாண்டிப் பாய்கையில் அதன் பின்னே அமுக்கம் குறையும். அக்குறைவு குழாய்கள் வழியே காற்றை உள்ளிழுத்து நெருப்பை மூட்டும். எங்கள் யன்னலை அரிக்கும் அதே காற்று! 1994இல் அம்முறையிலே உலை அமைத்து உருக்கிப் பார்த்தபோது இரும்புடன் கரிச்செறிவு மிக்க உருக்கும் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டிலே வாள்களைப் பற்றி எழுதிய அல்கிந்தி சரண்டிப் உருக்கைக் குறிப்பிட்டதன் பொருள் இப்போது விளங்குகிறது. உலை கட்டியவருள் ஒருவர் பெயரேனும் நம்மிடம் இல்லை. கிட்டமும் உடைந்த குழாய்களுமே உள.

எங்கள் யன்னற் கம்பிகளை அடித்த கொல்லரின் பெயர் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குப் பின் அதனைச் சொல்வார் இல்லை.

ஆனந்த குமாரசுவாமியை நாம் சிவநடனத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கிய அவர், பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த உருக்குவோரின் தொழிலை நேரிற் கண்டு, 1908இல் வெளியிட்ட நூலிற் பதிந்தார். அவர் கண்டவை துருத்தியுலைகள். காற்றுலைகள் அதற்குப் பன்னூறு ஆண்டுகளின் முன்பே அணைந்திருந்தன.