வழுக்க வேண்டிய இடத்தில்



இளம்பிள்ளையில் எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறிகளின் சத்தம் கூடவே வரும். அத்தறிகளின் தேய்ந்த பாகங்களைச் செய்து கொடுக்கும் சிறு லேத் பட்டறை ஒன்றை நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் நடத்துகிறார். சென்ற வாரம் அவரைக் காணச் சென்றபோது, பழைய லேத்தின் ஏப்ரனைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தார்.

அதற்குள் வழுக்குக் கிளட்ச் ஒன்று உண்டு. இரு முகங்களை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். தானாக நகரும் கேரேஜ் எதிலாவது முட்டினால் அம்முகங்கள் வழுக்கும், கேரேஜ் நிற்கும், பல்சக்கரங்கள் தப்பும்.

முகங்கள் தேய்ந்து, கடைசல் பாதியிலேயே கிளட்ச் வழுக்கியிருக்கிறது. வேலை கற்கும் பையன் நட்டை இறுதிவரை முறுக்கிவிட்டான். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கேரேஜ் சக்கில் மோதியது, கிளட்ச் விடவில்லை, வெண்கலச் சக்கரத்தின் பற்கள் உடைந்தன.

"வழுக்கறதுக்குன்னே வச்சதுங்க ஐயா. அதைப் போய் இறுக்கிட்டான்" என்றார்.

முகங்களை மண்ணெண்ணெயில் கழுவிச் சமப்படுத்தி, புதுச் சக்கரமும் ஸ்பிரிங்கும் பொருத்தினார். பிறகு நட்டைக் கால் சுற்றாக முறுக்கி, ஒரு மில்லிமீட்டர் ஆழம் கடைந்து பார்த்தார். இழுத்தது. அடுத்து, கேரேஜை மெதுவாக ஓட்டி ஒரு தடுப்பில் முட்டவிட்டார். வழுக்கவில்லை, சற்றுத் தளர்த்தினார். வேலையையும் இழுக்க வேண்டும், முட்டினால் விடவும் வேண்டும். அந்த இடம் கிடைக்கும்வரை பொறுமையாக மாற்றிக்கொண்டேயிருந்தார். "மரை வெட்டும்போது இது காப்பாத்தாதுங்க. அப்ப நம்ம கைதான் கிளட்ச்" என்றும் சொன்னார்.

நான் அங்கே அமர்ந்து என்னையே எண்ணிக்கொண்டிருந்தேன். முன்பு எதற்கும் இணங்கியதால் சபையில் ஒழுங்கு தளர்ந்தது என்று மூப்பர்கள் வருந்தினார்கள். அதன்பின் நானும் நட்டை இறுதிவரை முறுக்கிவிட்டேன். சில ஆண்டுகளாக ஆராதனைக்கு வராத ஒரு தாய் மரித்தபோது, விதியைச் சொல்லி, அவருடைய உடலை ஆலயத்துக்குள் கொண்டுவர நான் இசையவில்லை. கல்லறையில் மட்டும் ஜெபித்தேன். விதி உடையவில்லை, அவருடைய மகனின் உள்ளம் உடைந்தது. அதன்பின் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

பட்டறையிலிருந்து நேரே அவன் வீட்டுக்குச் சென்றேன். "அன்று நான் விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் தம்பி, என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துத் தறியை நிறுத்தி, ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டான்.

அன்பானவர்களே, எதற்கும் வழுக்குகிற கிளட்ச் வேலைக்கு உதவாது. எதற்கும் வழுக்காததோ தன்னைச் சேர்ந்தவற்றை உடைத்துவிடும். உங்கள் வீட்டில், பிள்ளையிடமோ துணையிடமோ, எந்த நட்டை இறுதிவரை முறுக்கி வைத்திருக்கிறீர்கள்? பற்கள் உடையுமுன் இந்த வாரம் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அதற்கான ஞானத்தைத் தேவன் நமக்குத் தருவாராக.