கைகளுக்கும் ஒரு ஸனது உண்டு





நம் உம்மா திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, நிக்காஹ் முடிந்து தருமபுரிக்கு வந்தவர். வரும்போது தம் கையால் நெய்த பாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அவ்வூர் வழக்கப்படி மணமக்களின் பெயர்களும் நிக்காஹ் தேதியும் அதில் கோரையாலேயே நெய்யப்பட்டிருக்கும். சென்ற ஷஅபான் மாதத்தில் வீட்டைத் துப்புரவு செய்கையில் பரணிலிருந்து அதை இறக்கி விரித்தோம். மர்ஹூம் வாப்பாவின் பெயர் இருந்த ஓரத்தை எலி கடித்திருந்தது. இதைச் சரிசெய்து தர யாரேனும் இருக்கிறார்களா என்று உம்மாவிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "பாயை ஒட்டுப்போட முடியாது வாப்பா, புதுசாத்தான் நெய்யணும்" என்றார்.

அந்தச் சிரிப்பு நம்மைச் சுட்டது. அதற்குக் காரணம் உண்டு. நம் சிறுவயதில் கொல்லைப்புறத்தில் உம்மாவின் தறி இருந்தது. தரையில் நான்கு முளைகள், இரண்டு மூங்கில் கழிகள், பாவு நூலைத் தாங்க ஒரு முக்காலி, துளையிட்ட மர அச்சு, அவ்வளவுதான். முசிறிப் பக்கத்துக் கோரையை வாங்கி அக்கம்பக்கத்தாருக்குப் பாய் நெய்து கொடுப்பார். நாம் மார்க்கக் கல்வி கற்கச் சென்றபோது பெட்டியும் கிதாபுகளும் வாங்கியது அந்தப் பணத்தில்தான். பின்னர் முதல் சம்பளம் வாங்கிய நாம், கடைத்தெருவிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பாய்களைக் கொண்டுவந்து, "இனி எதற்கு உம்மா இந்தப் பாடு?" என்றோம். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அடுத்த வாரமே முளைகளைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியவர்களும் நாமே. உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நாம் பிடுங்கி எறிந்தது எத்தகைய அறிவு என்பது அப்போது நமக்கு விளங்கவில்லை. தாமிரபரணிக் கரையோரக் கோரையை வெட்டி உலர்த்தி, கீறி நெய்தால் முரட்டுப் பாய் கிடைக்கும். அதே கோரையை ஓடும் நீரில் ஒரு வாரம் வரை ஊறவிட்டால் அது பருத்துவிடும். மறுபடி உலர்த்தி, மயிரிழை போலக் கீறலாம். பத்தமடையின் நயம் பாய்க்கு 100 முதல் 140 பாவு வரை கணக்குச் சொல்வார்கள். பட்டுத்துணி போல மடிக்கலாம். இந்த ஊறவைக்கும் முறையைச் சோதித்துக் கண்டவர் என்று அசன் பாவா லெப்பை என்பவரின் பெயரைச் சொல்வது வழக்கம். கல்லூரியோ ஆய்வுக்கூடமோ இல்லாத ஓர் எளிய மனிதர், இப்படிச் செய்து பார்த்தால் என்ன என்று முயன்றதன் பலனைத் தலைமுறைகள் உண்டு வந்துள்ளன. இன்று அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

மதரஸாவில் நாம் பிள்ளைகளுக்கு ஸனதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறோம். இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று தொடர் இடையறாமல் வர வேண்டும். நடுவில் ஒருவர் விடுபட்டால் தொடர் முறிந்தது என்கிறோம். கைத்தொழிலுக்கும் அத்தகைய ஸனது உண்டு. ஆனால் அதை எழுதி வைக்க நூல் இல்லை. தாயின் விரலைப் பார்த்து மகள் விரல் கற்பதுதான் அதன் அறிவிப்பு. நம் வீட்டில் அந்தத் தொடரில் விடுபட்டவர் நாம்.

பன்னிரண்டு வயதான நம் மகள்தான், "வாப்பும்மா, எனக்குக் கற்றுத் தாருங்கள்" என்று தொடங்கி வைத்தாள். தொட்டிக்கு அருகில் எஞ்சிய இடத்தில் மறுபடி முளை அடித்தோம். பழைய இரும்புக் கட்டிலின் குழாய்களைக் கழிகளாக்கினோம். பரணில் கிடந்த அச்சைக் கரையான் அரித்திருந்ததால், சைக்கிள் கம்பியைக் காய்ச்சி, புதிய மரச்சட்டத்தில் ஒவ்வொன்றாகத் துளையிட்டோம். காணொளிகள் பார்த்து நாமே நெய்யத் தொடங்கினோம். கோரை சடசடவென ஒடிந்தது. ஒரு நாள் முழுதும் முயன்றும் நான்கு விரற்கடை கூட நிற்கவில்லை.

கண்ணில் புரை விழுந்து பார்வை மங்கிய உம்மா, சுவரைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். ஒரு கோரையை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். "இதுக்குத் தாகமா இருக்கு" என்றார். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூடி வைக்கச் சொன்னார். மறுநாள் கோரை வளைந்தது, ஒடியவில்லை.

அப்போது ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அனஸ் (ரலி) அவர்களின் குடும்பத்து மூதாட்டி பெருமானார் (ஸல்) அவர்களை விருந்துக்கு அழைத்தார். நெடுநாள் புழங்கிக் கறுத்துப் போயிருந்த ஒரு பாயில் அனஸ் (ரலி) தண்ணீர் தெளித்தார்கள். அதன்மீது நின்று பெருமானார் (ஸல்) தொழுவித்தார்கள். ஸஃப்பில் யார் எங்கே நிற்பது என்ற சட்டத்திற்காக இதைப் பல ஆண்டுகள் நாம் பாடம் நடத்தியிருக்கிறோம். தண்ணீர் தெளித்தது பாயை மென்மையாக்கவோ தூய்மையாக்கவோ என்று உரையாசிரியர்கள் எழுதியிருப்பதைப் படித்துக் கடந்திருக்கிறோம். பாயைத் தொட்டு அறிந்த கைக்கு அது முன்பே தெரியும்.

முறிந்த தொடர் மீண்டும் இணையுமா என்று ஐயுறுவோர் நம் மாவட்டத்துச் சிட்லிங்கி பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அங்கு லம்பாடிப் பெண்களின் பூத்தையல் ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. அதை நினைவில் வைத்திருந்தோர் மூத்த பெண்கள் ஒருசிலரே. அங்கே மருத்துவப் பணி செய்துவரும் மருத்துவர்கள் ரெஜி, லலிதா தம்பதியரின் ஊக்கத்தில், அம்மூத்தோரிடம் இளம்பெண்கள் அமர்ந்து கற்றார்கள். இன்று 'போர்கை' என்ற பெயரில் அவர்களின் கைவேலை வெளியூர்களுக்குப் போகிறது. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். ஒருசிலர் உயிரோடிருக்கும்போதே கேட்டதால் அது பிழைத்தது.

எல்லாரும் தறியில் உட்கார வேண்டும் என்று நாம் கூறவில்லை. நாள் கணக்கில் உழைத்தும் கூலி போதாமல் நெசவை விட்டுச் சென்றவர்களைக் குறை கூறவும் நமக்குத் தகுதியில்லை. பேரம் பேசிப் பேசி அவர்களை விரட்டியதில் வாங்குவோருக்கும் பங்குண்டு. தாவூத் (அலை) அவர்கள் அரசராக இருந்தும் தம் கை உழைப்பால் உண்டார்கள் என்று பயானில் கேட்கிறோம். வீட்டில் கையால் உழைப்பவரின் அருகில் பத்து நிமிடம் அமர்வதில்லை. உங்கள் வீட்டு மூத்தோருக்கு ஓலை முடையத் தெரியலாம், தொப்பி பின்னத் தெரியலாம். இந்த விடுமுறையில் பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

நம் கொல்லையில் இதுவரை இரண்டு சாண் நெய்திருக்கிறோம். அதில் முதல் சாணை உம்மா விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பிரிக்கச் சொல்லி மறுபடி நெய்ய வைத்தார். மகள் அழுதாள், பிறகு நெய்தாள். வாப்பாவின் பெயரை மட்டும் நெய்ய முடியவில்லை. எழுத்துக்குப் பாவை எண்ணும் கணக்கு மறந்துவிட்டது என்கிறார் உம்மா. சில நாள் மாலையில் பழைய பாயை மடியில் வைத்து, எஞ்சிய எழுத்துகளின் மீது விரலை ஓட்டியபடி, வாய்க்குள் எண்ணிக் கொண்டிருக்கிறார். மகள் அருகில் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருக்கிறாள்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோரின் கைகளில் பரக்கத் செய்வானாக! அவர்களிடம் உள்ளதை அவர்கள் இருக்கும்போதே கற்கும் நல்லுணர்வை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.