மஞ்சள் மாநகரில் ஒரு சீட்டு விவகாரம்!

மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய ஊர்கள் நம்ம நாட்டில் நிறைய உண்டு. மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டிய ஊர் ஈரோடு. அதுவும் மாசி, பங்குனியில் புது மஞ்சள் வர ஆரம்பித்துவிட்டால், குடோன் இருக்கிற தெருவுக்கே மஞ்சள் பூசிக் குளித்த வாசனை!

சென்னையில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் ஈரோடு. சனி, ஞாயிறு போய்ப் பிரயோஜனமில்லை சார், ஏலம் வார நாளில்தான். ஒரு கேஷுவல் லீவைத் தியாகம் செய்தே ஆகவேண்டும். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், ஈரோட்டிலும் கோபியிலும் கூட்டுறவுச் சங்கங்கள் என்று நாலு இடத்தில் விற்பனை நடக்கிறது.

'ஒரு தரம்... ரெண்டு தரம்...' என்று கத்துவார்கள் என எதிர்பார்த்துப் போனால், உள்ளே லைப்ரரி மாதிரி அமைதி. ஒவ்வொரு விவசாயியின் மஞ்சளிலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து வரிசையாக வைத்திருக்கிறார்கள். வியாபாரி வருகிறார், ஒரு துண்டை எடுத்து 'டக்'கென்று ஒடிக்கிறார், உள்நிறம் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார். சீட்டில் விலையை எழுதிப் போட்டுவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அடுத்ததற்குப் போய்விடுகிறார். யார் அதிகம் எழுதினாரோ அவருக்கு சரக்கு. விலை பிடிக்கவில்லையென்றால் விவசாயி மறுத்துவிடலாம்.

மஞ்சளில் இரண்டு ஜாதி பேசுகிறார்கள். நடுவில் இருக்கும் தாய்க் கிழங்கு 'கிழங்கு மஞ்சள்', அதிலிருந்து விரல் விரலாகக் கிளைப்பது 'விரலி'. விரலிக்குத்தான் பொதுவாக விலை ஜாஸ்தி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோடு மஞ்சள், 'சின்ன நாடன்' என்கிற ரகம்.

வைகாசி, ஆனியில் நட்டு, எட்டு ஒன்பது மாசம் தண்ணி கட்டி, தோண்டி, வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயப்போட்டு, டிரம்மில் போட்டுச் சுற்றி பாலீஷ் பண்ணினால்... அஞ்சு கிலோ பச்சை மஞ்சள் ஏறக்குறைய ஒரு கிலோவாகி நிற்கும். பிடித்தமெல்லாம் போக நம்ம கைக்கு வரும் சம்பளம் ஞாபகம் வந்தது!

காய்ந்த மஞ்சள் குடோனில் வருஷக்கணக்கில் இருக்கும். வம்பே அங்கேதான். விலை வரட்டும் என்று காத்திருக்கத் தோன்றும். 2010-ல் குவிண்டால் 15 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. 2012-ல் 4 ஆயிரத்துக்கு இறங்கி வந்தது. ஷேர் மார்க்கெட்டில் பணம் விட்டவன்கூட டி.வி-யை அணைத்துவிட்டுத் தூங்கலாம், இவர்களால் முடியாது.

என்னை அழைத்துப் போனது ஆபீஸ் நண்பன். அவன் அப்பா, 65 கிலோ மூட்டையாக 40 மூட்டையை ரெண்டு வருஷமாக வைத்திருந்தார். வைகாசியில் தங்கச்சிக்குக் கல்யாணம். சீட்டைப் பிரித்தார்கள். அவர் மனசில் வைத்திருந்ததைவிடக் குவிண்டாலுக்கு 900 ரூபாய் கம்மி.

"என்னுங்ப்பா, குடுத்துரலாமா?"

"இரு கண்ணு..." என்றவர், பக்கத்து விவசாயியிடம், "ஒரு மாசம் பொறுத்தா ஏறுமுங்களா?" என்று கேட்டார்.

"ஏறுனாலும் ஏறும், எறங்குனாலும் எறங்குமுங்க!"

இந்த ஜோசியத்தைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தன் சாம்பிளிலேயே ஒரு விரலியை ஒடித்து மோந்து பார்த்தார். "22 மூட்டை போட்டுருங்க. மண்டபத்துக்குப் பணங் கட்டோணும். மிச்சம் இருக்கட்டும்." நண்பன் மனக்கணக்குப் போட்டான்... நினைத்ததைவிடக் கிட்டத்தட்ட 13 ஆயிரம் குறைவு. அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை.

இந்த மஞ்சளுக்குத்தான் 1995-ல் அமெரிக்காவில் ரெண்டு பேர் பேடன்ட் வாங்கினார்கள். புண்ணை ஆற்றுமாம்! மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்த அந்த உரிமையை எதிர்த்து, நம்ம சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையெல்லாம் ஆதாரமாகக் காட்டி வாதாட, 1997-ல் ரத்தானது. நம்ம பாட்டிகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வக்கீல் செலவு மிச்சம்.

மஞ்சளின் விசேஷச் சரக்கு குர்குமின். வீக்கத்தைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு. ஆனால் உடம்பு அதை லேசில் உறிஞ்சாது. மிளகில் உள்ள பைப்பரின் கூட இருந்தால் ரத்தத்தில் அது 20 மடங்கு கூடியதாக, 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வு சொன்னது. பாலில் மஞ்சளோடு மிளகு தட்டிப் போட்ட அம்மா அதைப் படித்ததில்லை! அதற்காக, 'நல்லதுதானே' என்று மாத்திரையாக டப்பா டப்பாவாக விழுங்க வேண்டாம். அப்படிக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்பது உத்தமம். சமையலுக்குப் போடும் சிட்டிகைக்கு இந்தப் பயமெல்லாம் கிடையாது.

மெஸ்ஸில் வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறி மிரண்டிருக்கிறீர்களா? ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கிற அதே சங்கதிதான், சோப்பிலும் காரம் உண்டு. துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். சூரிய வெளிச்சம் மஞ்சளைத் தின்றுவிடும். மஞ்சள்தூள் டப்பாவை ஜன்னலோரம் வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

தூள் வாங்கினால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்காமல் பாருங்கள். நல்ல தூள், லேசான மஞ்சளாகத் தண்ணீரை விட்டுவிட்டு அடியில் படியும். தண்ணீர் மொத்தமும் பளீரென்று மாறினால் சாயம்! இந்தச் சந்தேகமே வேண்டாம் என்றால் ஈரோட்டில் முழு விரலியாக வாங்கி, ஊருக்கு வந்து மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன், "இதுக்கு முன்னாடி மிளகாய் அரைச்சீங்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. பருவுக்குப் பூசுகிற தம்பிகள் கண்டிப்பாகக் கேட்கவும்!