நாலரை ஏக்கரும் கம்பம் பள்ளத்தாக்கும்

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி வாழ்கிற எங்களுக்குக் கருப்புத் திராட்சை என்றால் பக்கத்துச் சாலைக் கம்போளத்தில் வாங்குவதுதான். கருநீல நிறம், உள்ளே விதை, கடித்தால் ரோஜாப்பூவை நினைவூட்டும் பன்னீர் வாசம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நகரத்தின் கிறிஸ்தவ வீடுகளில் இதே பழம் சர்க்கரையோடும் கிராம்பு பட்டையோடும் பீங்கான் பரணிக்குள் போய் ஒயினாகிவிடும். தின்கிறவர்களும் ஒயின் போடுகிறவர்களும் பழத்தின் ஊரைக் கேட்பதில்லை. அந்த ஊரைத்தான் சொல்ல வந்தேன். அது மலைக்கு அந்தப் பக்கம், தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகும் சாலையில் இறங்கினால் காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி என்று அடுத்தடுத்து ஊர்கள். ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் குமுளிக்கு ஏறும் மலைத்தொடர், நடுவில் பச்சையாக ஒரு பள்ளம். தாழ்வில் நெல் வயல். கொஞ்சம் மேடேறினால் திராட்சைப் பந்தல். கல்கால் நட்டு, மேலே கம்பி பின்னி, ஆள் உயரத்தில் கொடி படர்ந்து கிடக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் பந்தலுக்குள் மங்கிய வெளிச்சம்தான். தலைக்கு நேர் மேலே கொத்துகள் தொங்கும்.

இந்தப் பச்சையில் திருவனந்தபுரத்துக்கும் பங்குண்டு. 1886 அக்டோபரில் திருவிதாங்கூர் அரசு சென்னை மாகாணத்தோடு பெரியாற்றுத் தண்ணீருக்காக 999 ஆண்டுக் குத்தகை எழுதியது. அப்போது அரசர் ஸ்ரீமூலம் திருநாள். பொறியாளர் பென்னிகுக் அந்த ஆற்றில் கட்டிய அணை 1895ல் திறந்தது. மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே இறங்கியது. கம்பத்து நெல் அதில் விளைகிறது, கிணறுகள் அதில் ஊறுகின்றன. நாங்கள் சாலையில் வாங்கும் திராட்சை, ஒருவகையில், திருவிதாங்கூர்த் தண்ணீரே பழமாகித் திரும்பி வருவதுதான்.

பிரான்சில் திராட்சைக்கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தூங்கும், வருடத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்துக் கொடிக்குத் தூக்கம் கிடையாது. எப்போது எழ வேண்டும் என்பதைக் கவாத்துக் கத்திதான் தீர்மானிக்கிறது. வெட்டி ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் பறிக்கலாம். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பறிப்பு. அதனால்தான் பன்னிரண்டு மாதமும் இங்கே பழம் கிடைக்கிறது. இந்தியாவில் இது அபூர்வம். ஆனால் விவசாயிக்கு ஓய்வில்லை. துளிர் வந்தால் பூஞ்சை நோய்க்கு மருந்தடிக்க வேண்டும், பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த கொத்தை வியாபாரி தொடமாட்டார். பழுத்ததை வைத்திருக்கவும் முடியாது. அன்றைக்கு என்ன விலையோ அதற்குப் பெட்டி கட்டிக் கேரளத்துக்கு ஏற்ற வேண்டியதுதான்.

இங்கே விளையும் இந்தப் பன்னீர் திராட்சையின் பன்னாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி இது என்று சொல்லப்படுகிறது. நம்பத் தகுந்த செய்திதான்: திராட்சை இரசம் இல்லாமல் திருப்பலி இல்லை, மதுரை மிஷனில் அப்போது பிரெஞ்சு சேசு சபையார் இருந்தார்கள்.

அந்தப் பாதிரியாரின் நாட்டில், பர்கண்டி வட்டாரத்தில், வோன்-ரொமானே என்று ஒரு சிற்றூர். அங்கே ரொமானே-கோந்தி என்ற தோட்டம். உலகத்தில் அதிக விலை போகும் செவ்வொயின்களில் ஒன்று அங்கிருந்து வருகிறது. தோட்டத்தின் பரப்பு 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். காமயகவுண்டன்பட்டியில் ஒரு நடுத்தர விவசாயிக்கு இருக்கக்கூடிய நிலம். வருடத்துக்குச் சில ஆயிரம் பாட்டில்கள்தான். 1760ல் கோந்தி இளவரசர் அதை வாங்கியதால் அந்தப் பெயர். பிரெஞ்சுப் புரட்சி வந்தபோது நிலம் பறிமுதலாகி ஏலத்துக்குப் போனது. பெயர் அழியவில்லை. 1866ல் வோன் கிராமமே ரொமானே என்ற தோட்டப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1945ல் காய்ப்பு மிகக் குறைந்து 600 பாட்டில்தான் தேறியது. பிறகு கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டார்கள், 1952 வரை ஒயினே இல்லை. அந்த 600ல் ஒரு பாட்டில் 2018ல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் நாலு கோடி ரூபாய்!

இதில் பணக்காரர்களின் பெருமைப் பித்து கலந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பர்கண்டியில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பெயர் உண்டு. அப்படிப் பெயர் பெற்ற துண்டுகள் ஆயிரத்துக்கும் மேல். 2015ல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. குன்றுச் சரிவின் மேலே கொடி என்ன ஆகிறது, கீழே என்ன ஆகிறது என்று துறவிகள் காலத்திலிருந்து கவனித்து, நினைவு வைத்து, பெயராக்கினார்கள். அந்தக் கவனத்துக்குத்தான் விலை.

கம்பத்துப் பழத்தில் பர்கண்டி ஒயின் வராது. அங்கே உள்ளது பினோ நுவார் ரகம், ஒயினாகி ஆண்டுக்கணக்கில் முதிர்வது. மஸ்கட் ஹாம்பர்க்கின் அழகு வாசனையில், இளமையில். அதை வைத்து ஒயினே ஆகாது என்பதும் தவறு: 1980ல் சீனாவின் தியான்ஜினில் பிரெஞ்சு ரெமி மார்ட்டின் நிறுவனம் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஆலை முதலில் எடுத்தது இதே மஸ்கட் ஹாம்பர்க்கைத்தான். மகாராஷ்டிரம் 2001லேயே திராட்சை ஒயினுக்குத் தனிக் கொள்கை வகுத்து நாசிக்கை வளர்த்துவிட்டது. கம்பத்தில் விவசாயிகள் ஒயின் ஆலை, சாறு ஆலை, குளிர்பதனக் கிடங்கு என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒயின் வேண்டாமென்றால் சாறாவது வரட்டும். மழை பிடித்த வாரத்தில் பழத்தைக் கொடுக்க ஓரிடம் இருந்தால் போதும், அன்றைய விலைக்குத் தலையாட்ட வேண்டிய கட்டாயம் குறையும்.

2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயர் சட்டப்படி பழத்தோடு சேர்ந்திருக்கிறது. பெட்டியின் மேல் அது அச்சாகிச் சாலைக் கம்போளம்வரை வந்து சேர வேண்டும். வாங்குகிறவர்கள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

போக விரும்புகிறவர்கள் தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்தில் வந்து, சுருளி சாலையைப் பிடிக்கலாம். எந்த மாதமானாலும் ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். சாலையோரத்தில் சில தோட்டக்காரர்கள் உள்ளே கூப்பிட்டுக் கொத்தை வெட்டித் தருவார்கள். அப்போது எந்தத் தோட்டம், எந்தக் கிணறு, கவாத்து எப்போது வெட்டியது என்று கேட்டுப்பாருங்கள். நின்று பதில் சொல்வார்கள்.