கம்பத்துக்குக் கம்பளி வேண்டுமா?

மார்கழி பிறந்தால் போதும். காலைக் காப்பியோடு, "எங்கேயாவது குளிர்ப் பிரதேசமாய்ப் பார்த்து நாலு நாள் போய்விட்டு வரலாமே!" என்ற பேச்சும் வீட்டில் கிளம்பிவிடும். இதைச் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். பெட்டி கட்டும் பொறுப்பு இல்லாதவராகத்தான் இருப்பார். குழந்தைக்கு ஸ்வெட்டர், மாமியாருக்குச் சால்வை, மாமனாருக்கு மங்கிக் குல்லாய், எல்லோருக்கும் பொதுவாக ஒரு அமிர்தாஞ்சன் என்று பரணிலும் பீரோவிலும் தேடப் போகிறவள், அந்தப் பேச்சில் வாயே திறக்க மாட்டாள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டம் தாங்காமல் 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே என் யோசனை, இந்தத் தடவை கம்பம்.

"கம்பமா? அங்கே திராட்சை அல்லவா விளைகிறது? குளிர் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கம்பம் ஊர் மலைமேல் இல்லை. இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேற்கே கேரளத்து இடுக்கி மலை, கிழக்கே மேகமலை. மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடைவீதியில் நடந்தால் ஊரே சிரிக்கும். ஆனால் விடியற்காலையில் கதவைத் திறந்து பாருங்கள். வயல்மேல் பனி படுத்துக் கிடக்கும். மலை இருக்கிற இடமே தெரியாது. இன்னும் குளிர வேண்டுமென்றால், சுமார் ஒரு மணி நேரப் பிரயாணத்தில் கம்பம் மெட்டுக்கோ குமுளிக்கோ ஏறிவிடலாம். நடுங்க வேண்டுமானால் மேலே போவது, நடுக்கம் போதுமென்றால் கீழே இறங்கி வெயில் காய்வது. இந்தச் சௌகரியம் ஊட்டியில் உண்டா? ஆனி, ஆடியில் போகிறவர்களுக்கு வேறு விதமான குளிர். மலைக்கு அப்பால் பெய்யும் மழையின் சாரலைக் காற்று இங்கே கொண்டுவந்து முகத்தில் அடிக்கும். குடையை மட்டும் நம்பாதீர்கள். அது மேல்நோக்கி விரிந்துவிடும்.

போவதும் இப்போது சிரமம் இல்லை. மதுரை-போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 முடிவில் நின்றுபோய், பல வருஷம் தேனி ஜில்லாவே ரயில் சத்தம் கேட்காமல் இருந்தது. 2022 மே மாதம் அகலப் பாதையில் தேனி வரைக்கும் ரயில் வந்தது. 2023 ஜூன் 15 முதல் சென்னையிலிருந்து போடி வரைக்குமே இரவு ரயில் வருகிறது. தேனியில் இறங்கி பஸ் பிடித்தால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகச் சுமார் நாற்பது கிலோமீட்டர். ஜன்னலோரம் கிடைத்தால் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே உட்காருங்கள். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் வாழைத் தோப்பு, தென்னந்தோப்பு, நடுநடுவே பந்தல் போட்ட திராட்சைத் தோட்டம்.

இத்தனை பச்சைக்கும் காரணம் மேலே இருக்கும் அந்தக் குளிர் மலைதான். மேற்கே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1887ல் ஆரம்பித்த வேலை 1895ல் முடிந்தது. முன்நின்று நடத்திய என்ஜினீயர் பென்னிகுயிக்கின் படம் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்தவர்களும் உண்டு. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. பொங்கலை ஒட்டி வருவதால் அவர் பெயராலும் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013ல் மணிமண்டபம் திறந்திருக்கிறார்கள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், மலையிலிருந்து மின்சார நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவரும் ராட்சசக் குழாய்கள் தெரியும்.

திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. இது கறுப்புப் பன்னீர் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு பெற்றது. மற்ற இடங்களில் பருவம் பார்த்துப் பழுக்கும் கொடி இங்கே வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழுத்துக்கொண்டிருக்கும். தோட்டத்து வாசலிலேயே விற்கிறார்கள். தோல் மெல்லியது; ஊருக்குக் கொண்டுபோவதானால் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். சுருளி அருவியும் பக்கத்தில்தான். தண்ணீர் பெருகினாலோ யானை இறங்கினாலோ வனத்துறையார் குளிக்க விடமாட்டார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள்.

நிற்க. குளிரைப் பற்றி அல்லவா பேச்சு! குளிருக்கு இந்தப் பக்கத்து மருந்து பருத்திப்பால். பருத்திக் கொட்டையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஆட்டிப் பாலை வடிகட்டி, கொஞ்சம் அரிசி மாவைக் கரைத்து விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். அடிபிடிக்காமல் கிளறுவதுதான் வித்தை. பிறகு வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பூ தூவினால் தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் ஒரு கணகணப்பு இறங்கும்.

விடியற்காலை ஐந்து மணிக்கு, மெட்டுக்குப் போகும் சாலையோரம் ஒரு தள்ளுவண்டியில் இதை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்வெட்டர், தலையில் சால்வை, கையில் சூடான தம்ளர் என்று சகல பந்தோபஸ்தும் உண்டு. வரிசையாக ஜீப்புகள் வந்து நின்றன. இருட்டிலிருந்து பெண்கள் வந்து ஏறிக்கொண்டே இருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைகளின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. ஒரு ஜீப்பில் இத்தனை பேர் ஏறமுடியும் என்று கண்ணால் பார்த்திராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

என் பக்கத்தில் ஜீப்புக்காக நின்றவளுக்கு நாற்பது வயசு இருக்கும். "எங்கேம்மா இத்தனை பேரும்?" என்று கேட்டேன்.

"ஏலத் தோட்டத்துக்குக்கா. காய் எடுக்க."

"இந்தக் குளிரிலா?"

அவள் என் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தாள். "இது என்னக்கா குளிரு? மழைக்காலத்துல வந்து பாருங்க. ஏலக்காய் செடியோட தூர்ல, தரையோட தரையாத்தான் காய்க்கும். குனிஞ்சு உக்காந்துதான் எடுக்கணும். காலையில சேலை நனைஞ்சா சாயங்காலம் வரைக்கும் காயாது. அட்டை வேற ஏறும். அதுதான் குளிரு."

"சாப்பாடு?"

"மூணு மணிக்கு எந்திருச்சு ஆக்கினது. பிள்ளைகளுக்கும் வச்சுட்டு எனக்கும் எடுத்துக்கிட்டேன். மேல போறதுக்குள்ள ஆறிப்போகும். திரும்பி வீட்டுக்கு வந்ததும் ஒரு அண்டா வெந்நி போட்டு ஊத்துனா உடம்பு சரியாப்போகும்க்கா."

ஜீப் ஹார்ன் அடித்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பக்கங்களிலிருந்து தினமும் இப்படி எல்லை தாண்டி மலையேறுகிறார்கள். ஏலச் செடிக்கு நிழலும் ஈரமும் குளிர்ச்சியும் வேண்டும். அதனால் மரக்காட்டின் அடியில்தான் அது வளர்கிறது. எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதில்லை. ஆடி, ஆவணியில் எடுக்க ஆரம்பித்தால், மாதத்துக்கு ஒரு தரம் அதே செடிக்குத் திரும்பிவந்து தை வரைக்கும் எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். எல்லையில் ஏதாவது நேர்ந்தால் முதலில் நிற்பது இந்த ஜீப்புகள்தான். 2011 டிசம்பரில் பெரியாற்று அணைத் தகராறு முற்றியபோதும் அப்படித்தான் ஆயிற்று, 2020ல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோதும் அப்படித்தான் ஆயிற்று. அந்த நாட்களில் இவர்களுக்குக் கூலி இல்லை.

வெயில் வந்தபிறகு நாங்களும் மேலே போனோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பள்ளத்தாக்கு இன்னும் சின்னதாகிக்கொண்டே போயிற்று. உச்சியில் நிற்கும்போது, கம்பம் குழந்தை இறைத்துவிட்ட சொப்புச் சாமான் மாதிரி தெரிந்தது. சுகமான குளிர்தான். தோட்டத்துப் பக்கம் காய் எடுப்பவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. செடிகள் ஆளைவிட உயரம். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தமும் சிரிப்பும் மட்டும் கேட்டன.

ஏலக்காய் வாங்குவதானால் வெளுக்காமல் பச்சையாக, உள்ளே அரிசி நிறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சம் படாத டப்பாவில் தோலோடு வையுங்கள், தேவைப்படும்போது தட்டிக்கொள்ளலாம். தோலை எறியாமல் டீத்தூள் டப்பாவில் போட்டுவையுங்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில்: கம்பளி வேண்டாம், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். பிளாஸ்க் மட்டும் மறக்காதீர்கள். இன்னொன்று. மெட்டிலிருந்து சாயங்காலம் இறங்கும்போது பின்னால் அந்த ஜீப்புகளும் வரிசையாக வந்துகொண்டிருக்கும். காட்சி பார்ப்பதற்கென்று பாதையை அடைத்து நிறுத்த வேண்டாம் என்று உங்கள் டிரைவரிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் போய்த்தான் அடுப்பு மூட்டி வெந்நீர் வைக்க வேண்டும்.